அரோரா 4எக்ஸ்: எஞ்சின் மாற்றத்தை எதிர்பார்த்துக் கப்பலை வடிவமைக்கும் முறை

ஸ்டீவ் வாம்ஸ்லி உருவாக்கிய அரோரா 4எக்ஸ் என்ற விண்வெளி உத்தி கணினி விளையாட்டின் சி ஷார்ப் பதிப்பில் (2020) ரீஃபிட் செய்யப்படும், அதாவது பழைய பாகங்களுக்குப் பதிலாகப் புதியவை பொருத்தப்படும் விண்கப்பல், ஒரு வகுப்பிலிருந்து (ஒரே வடிவமைப்பில் கட்டப்படும் கப்பல்களின் வகை) வேறொரு வகுப்புக்கு மாறுகிறது. கட்டி முடித்த வகுப்பின் வடிவமைப்பைத் திருத்த முடியாது. அதை நகலெடுத்து, நகலில் எஞ்சினை மாற்றி, புதிய வகுப்பாகச் சேமிக்க வேண்டும். ஆகவே அடுத்த தலைமுறை எஞ்சின் எவ்வளவு இடத்தில் உட்காரப்போகிறது என்பதை முதல் வடிவமைப்பிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது.

கணக்கு எளிது. 50 டன் ஒரு ஹல் அலகு. எஞ்சின்களின் மொத்தத் திறனைக் கப்பலின் ஹல் அலகுகளால் வகுத்து 1000-ஆல் பெருக்கினால், நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது கிடைக்கும். 10,000 டன் எடையுள்ள, அதாவது 200 ஹல் அலகுகள் கொண்ட கப்பலில் 40 அலகு எஞ்சின்கள் இரண்டு இருப்பதாகவும், ஓர் அலகுக்கு 8 திறன் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத் திறன் 640, வேகம் 3200. அதே 40 அலகு அளவிலேயே, ஓர் அலகுக்கு 10 திறன் தரும் எஞ்சினைப் பொருத்தினால் திறன் 800 ஆகவும் வேகம் 4000 ஆகவும் உயரும். எடை மாறாததால் கவசத்தையும் தொட வேண்டியதில்லை.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு நன்மை உண்டு. எரிபொருள் செலவு திறனுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. வேகமும் அதே விகிதத்தில்தான் கூடுகிறது. எனவே திறன் பெருக்கியையும் (எஞ்சினின் அடிப்படைத் திறனைக் கூட்டவோ குறைக்கவோ வடிவமைப்பின்போது தேர்ந்தெடுக்கும் மடங்கு) எஞ்சின் அளவையும் மாற்றாதவரை, புதிய எஞ்சினால் கப்பல் செல்லக்கூடிய தொலைவு குறையாது. ஆனால் வேகத்தின் மேலுள்ள ஆசையில் பெருக்கியை 1-லிருந்து 1.25-ஆக உயர்த்தினால், ஓர் அலகு திறனுக்கான எரிபொருள் நுகர்வு வீதம் பெருக்கியின் 2.5-ஆம் அடுக்கின்படி ஏறக்குறைய 1.75 மடங்காகிவிடும், தொலைவு முன்பிருந்ததில் 57 விழுக்காடாகச் சுருங்கும். எரிபொருள் நுகர்வு ஆராய்ச்சி கைகொடுக்காத நிலையில், ஏற்கெனவே எல்லைப் பணியில் இருக்கும் கப்பல்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சினின் அளவும் நுகர்வைப் பாதிக்கிறது. 10 அலகு எஞ்சினோடு ஒப்பிட்டால் 40 அலகு எஞ்சின் ஒரே அளவு திறனுக்குப் பாதி எரிபொருளையே எடுத்துக்கொள்ளும். மறுபுறம், இரண்டே எஞ்சின்கள் உள்ள போர்க்கப்பல், ஓர் எஞ்சின் சேதமானால் பாதி வேகத்தை இழக்கிறது. சரக்குக் கப்பல்களில் இந்தக் குழப்பம் இல்லை: எஞ்சின் குறைந்தது 25 அலகாகவும் பெருக்கி 0.5-க்கு மேற்படாமலும் இருந்தால்தான் அது வணிக எஞ்சினாகக் கருதப்படும். ரீஃபிட்டின்போது இந்த வரம்பைத் தாண்டினால் கப்பல் இராணுவக் கப்பலாகிவிடும். பராமரிப்புச் சுமையும் வந்து சேரும்.

அடுத்தது கப்பல்கட்டும் தளம். ஒரு தளம் எந்த வகுப்புக்காகத் தயார்ப்படுத்தப்பட்டிருக்கிறதோ, அந்த வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்கு மாற்றும் செலவு முதல் வகுப்பின் விலையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், தளத்தை மீண்டும் தயார்ப்படுத்தாமலே அந்தத் தளம் இரண்டையும் கையாளும். உணரியையோ எரிபொருள் தொட்டியையோ மாற்றுவது பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும். எஞ்சின் மாற்றம் பொதுவாக அடங்காது, ஏனெனில் கப்பலின் விலையில் பெரும்பங்கு எஞ்சினுடையது. ஆகவே முதலில் தளத்தைப் புதிய வகுப்புக்கு மாற்றுங்கள். அதன் பிறகே பழைய கப்பல்களை வரவழையுங்கள். எஞ்சின்கள் காலிசைட் என்ற கனிமத்தை விழுங்குவதால், அதன் இருப்பைப் பார்க்காமல் ஒரு முழு அணியையும் தளத்துக்கு அழைப்பது ஆபத்தானது.

கப்பல்களை அணியணியாக ரீஃபிட் செய்வதே சரியான முறை. அணியின் வேகத்தை அதிலுள்ள மிக மெதுவான கப்பல்தான் நிர்ணயிக்கிறது. நான்கில் மூன்றை மட்டும் மாற்றினால், நான்காவது கப்பல் உடன் செல்லும்வரை அந்தச் செலவுக்குப் பலன் கிடைக்காது. எஞ்சினோடு சேர்த்துக் கப்பலின் எடையையும் கூட்ட நேர்ந்தால், அணியை ஒரு விண்மீன் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல் எஞ்சினால் அழைத்துச் செல்லும் தாவல் கப்பலின் எடை வரம்பை முன்கூட்டியே ஒப்பிட்டுப் பாருங்கள். 10,000 டன்னுக்கான தாவல் எஞ்சின் 10,500 டன் கப்பலை அழைத்துச் செல்லாது. நிலைப்படுத்தப்படாத (தாவல் எஞ்சின் இல்லாமல் கடக்க முடியாத) தாவல் புள்ளியில் அந்தக் கப்பல் இப்பக்கமே நின்றுவிடும்.