சாவி யாரிடம் இருக்கிறது? 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு மர்ம நாவல் தேர்ந்தெடுக்கும் முறை

போன கோடை விடுமுறைக்குக் காரைக்குடி வந்த அண்ணன் மகனுக்கு வயது 10. அவனுக்காக 300 பக்கத்தில் ஒரு சாகச நாவல் வாங்கி வைத்திருந்தேன். ஒரு வாரம் அது வளவில் ஊஞ்சல் பலகையிலேயே கிடந்தது. பையனோ மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அயித்தை, உள்ளே என்ன இருக்கு? சாவி யாருகிட்ட இருக்கு?" தப்பான புத்தகம் வாங்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து இப்படித்தான் தேடுகிறேன்.

படி 1: கேள்வியைக் கவனியுங்கள். "அங்கே போனா என்ன ஆகும்?" என்று கேட்கிற பிள்ளைக்குச் சாகசம், காடு, தீவு, பயணம். "யார் செஞ்சது, ஏன்?" என்று குடைகிற பிள்ளைக்கு மர்மம். கடையில் இரண்டும் ஒரே அடுக்கில்தான் இருக்கும். அட்டையில் டார்ச் லைட் படம் இருந்தால் மர்மம் என்று நம்பிவிடாதீர்கள். எங்கள் பையன் இரண்டாம் ரகம். நான் வாங்கியதோ கடற்பயணக் கதை.

படி 2: விரல் கணக்கு. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஒரே பக்கத்தில் ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. சொல் தெரியும், எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கதை ஆறிவிடும். பெரிய எழுத்து, நிறைய உரையாடல், நூறு பக்கத்துக்குள் இருப்பதாகப் பாருங்கள். முதல் அத்தியாயத்தை நீங்களே வாசித்துக் காட்டி, சரியான இடத்தில் மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

படி 3: கடைசி அத்தியாயத்தை நீங்கள் முதலில் படியுங்கள். இதில்தான் நான் கறார். (பிள்ளையிடம் மூச்சு விடக் கூடாது.) புதிரை அவிழ்ப்பது யார்? கதை முழுக்க ஓடியாடிய பிள்ளைகளை ஓரங்கட்டிவிட்டு போலீஸ் மாமா வந்து முடித்து வைத்தால், புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிடுவேன். அப்புறம், குற்றவாளி ஏற்கெனவே கதைக்குள் நடமாடியவரா? துப்பு வாசிப்பவர் கண்ணிலும் பட்டதா? கடைசிப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆள் முளைப்பது ஏமாற்று வேலை. பத்து வயசுக்கு அது நன்றாகவே தெரியும்.

படி 4: பயமும் பழசும். இரவில் கொல்லைப்புறம் போகத் தயங்கும் பிள்ளைக்கு ஆள் கடத்தல் கதை வேண்டாம். பழைய நாவல்களில் கறுப்புத் தோலே வில்லனுக்கு அடையாளமாக இருக்கும், பெண்பிள்ளை பலகாரக் கூடை தூக்க மட்டும் வருவாள், புரட்டிப் பாருங்கள். துப்பறியும் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் நம் தேவகோட்டைக்காரர். என் அப்பாவுக்கு உயிர். ஆனாலும் ஊர்ப்பாசத்தில் எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை நீட்டாதீர்கள்.

படி 5: தெரிந்த இடம். கதைக்களம் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல், கீழடியைச் சுற்றியது. கீழடி நம் சிவகங்கை மாவட்டம்தான். அங்குள்ள அருங்காட்சியகம்கூட செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியது. படித்து முடித்த கையோடு கூட்டிப்போகலாம்.

வாங்குவதற்கு முன் கிளை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். பிள்ளை இரண்டாம் முறை கேட்டால் வாங்கலாம்.

எங்கள் பையன் அப்படி எடுத்து வந்த 80 பக்க மர்மக் கதையை இரண்டே நாளில் முடித்தான். மூன்றாம் நாள் மாடி அறையைத் திறந்து காட்டினேன். பித்தளை அண்டா நாலு, உடைந்த ரேடியோ ஒன்று. "போங்க அயித்தை, துப்பே இல்லாத முடிவு" என்று இறங்கிப் போய்விட்டான்.