முயலின் கழிவுத் தட்டு: நாம் செய்யும் தவறுகள்

முயல் தட்டை விட்டு மெத்தையில் சிறுநீர் கழித்தால் வீட்டில் எல்லோரும் முயலைத்தான் குறை சொல்கிறார்கள். மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஓரறை வீடுகளில் முயல் வளர்க்கும் நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: முயல் இயல்பாகவே ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டு அங்கேயே கழிக்க விரும்பும் பிராணி, அந்தப் பழக்கத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான்.

புல்லை ஓரிடத்திலும் தட்டை வேறிடத்திலும் வைப்பதே பெரிய தவறு. முயல் புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடும். ஆகவே அது தானே தேர்ந்த மூலையில், உடம்பைத் தாராளமாகத் திருப்பி உட்காரும் அளவுக்கு அகலமான தட்டை வைத்து, உட்கார்ந்தபடியே வாய்க்கு எட்டுமாறு காய்ந்த புல்லையும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பூனைக்கென விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் மணலைத் தட்டில் போடவே கூடாது; முயல் அதைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். வாசனை மிகுந்த தேவதாருச் சீவலும் வேண்டாம், அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. அடியில் செய்தித்தாள், மேலே புல் என்பதே போதும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மும்பை மழைக்காலத்தில் புல்லில் விரைவாகப் பூசணம் பிடிப்பதாலும், மூத்திரத்தின் அம்மோனியா நெடி முயலின் மூச்சுக்குழலை உறுத்துவதாலும், தட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். அப்போதும் ஒரு பிடி புழுக்கையையும் மூத்திரம் நனைந்த ஒரு துண்டுத் தாளையும் புதிய தட்டில் விட்டுவையுங்கள். அந்த வாசனைதான் முயலுக்கு அடையாளம். வெளியே கழித்த இடத்தையோ வெள்ளை வினிகரால் துடைத்து வாசனையைப் போக்கிவிட வேண்டும்.

முதல் நாளே வீடு முழுவதையும் திறந்துவிட்ட தவறை நானும் செய்திருக்கிறேன். சிறிய இடத்தில் பழக்கம் ஊன்றிய பிறகே எல்லையை விரிக்க வேண்டும். அதட்டுவதால் அச்சம் மட்டுமே மிஞ்சும். பருவமடைந்த முயல் தன் எல்லையைக் குறிக்கவே அங்கங்கே கழிக்கிறது. ஏறத்தாழ 4 முதல் 6 மாத வயதில், முயல் மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சை இதைப் பெரிதும் குறைக்கும். பெண் முயலைக் கருப்பைப் புற்றிலிருந்தும் அது காக்கும்.

நன்கு பழகிய முயல் திடீரென வெளியே கழித்தால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, சிறுநீர்ப்பையில் தேங்கிய சுண்ணாம்புக் கசடோ, முதுமையின் மூட்டு வலியோ காரணமாக இருக்கலாம். மூட்டு வலி உள்ள முயலுக்கு ஒரு பக்க விளிம்பு தாழ்ந்த தட்டு தேவை. முயல் உண்ணாமலும், தட்டில் புழுக்கையே இல்லாமலும் அரை நாள் கழிந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.