20 ஓட்டமும் ஒரே கோடாக வந்தது ஏன்?

கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்துக் கணிக்கும் கணினி மாதிரி ஒன்றை, 1980-ஐத் தொடக்க ஆண்டாக வைத்து, 20 தடவை ஓட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடக்கக் காற்று வெப்பநிலையில் மிக நுண்ணிய மாற்றம், ஒரு கெல்வினில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவு. இது வளர்ந்து ஓட்டங்களைப் பிரிக்க வேண்டும். இருபதின் சராசரிதான் காலநிலைக் குறி, அதைக் கழித்த மிச்சம் தற்செயலான வானிலை ஆட்டம். ஆனால் எல் நினோவை (பசிபிக் கடல் மேற்பரப்பு இயல்பைவிடச் சூடாவதை) அளக்கப் பார்க்கும் நினோ 3.4 என்ற பசிபிக் பகுதியில் மிச்சம் பூஜ்யம். சின்ன எண்கூட இல்லை, சுத்தப் பூஜ்யம்.

முதலில் வரைபட ஸ்க்ரிப்ட்டைச் சந்தேகப்பட்டேன், அது சரி. எல்லாம் ஒரே கோப்பைப் படிக்கிறதோ என்று பாதைகளைப் பார்த்தேன், அவையும் சரி. மாதிரியைப் புதிதாகக் கம்பைல் செய்து, கணினியின் வேலை வரிசையில் காத்திருந்து ஓட்டியதில் மூன்று நாள் போனது.

கடைசியில் இரண்டு தொடக்கக் கோப்புகளைப் பிட் பிட்டாக ஒப்பிட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை! நான் மாற்றத்தை 64 பிட்டில்தான் கூட்டியிருந்தேன், ஆனால் கோப்பில் வெப்பநிலை 32 பிட் எண்ணாக எழுதப்பட்டது. 300 கெல்வின் பக்கத்தில் 32 பிட்டில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே சுமார் 0.00003 கெல்வின் இடைவெளி இருக்கிறது, அதனால் என் மாற்றம் எழுதும்போதே முழுசாக அழிந்துவிட்டது. 1961-இல் வானிலை ஆய்வாளர் லோரென்ஸ் தன் கணினி மாதிரியில் தொடக்க எண் 0.506127-ஐ 0.506 என்று தட்டியதால் அவருடைய ஓட்டங்கள் பிரிந்தன; இங்கே அதே முழுமையாக்கல் பிரியவே விடவில்லை.

வெப்பநிலையை 64 பிட்டாக எழுதினேன். சில வாரங்களிலேயே வானிலை பிரிந்தது. எல் நினோ ஒவ்வொரு ஓட்டத்திலும் வெவ்வேறு ஆண்டில் வந்தது, 1991 பினாட்டுபோ எரிமலை வெடிப்புக்குப் பிந்தைய குளிர்ச்சி மட்டும், எல்லா ஓட்டத்துக்கும் பொது என்பதால், சராசரியில் தெளிவாக நின்றது. பெரிய நிம்மதி. இப்போதெல்லாம் ஓட்டத்தை வரிசையில் போடும் முன் தொடக்கக் கோப்புகளைக் கழித்துப் பார்த்துவிடுகிறேன்.