பார்வையில்லாத குழந்தை உள்ள வீட்டில் நாம் செய்கிற தவறுகள்

"நான் யாரு, சொல்லு பார்க்கலாம்?" தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் சிறப்பாசிரியராக வீடு வீடாகப் போகிற என் காதில் அடிக்கடி விழுகிற கேள்வி இது. சொந்தக்காரர்கள் பாசத்தில்தான் கேட்கிறார்கள். குழந்தைக்கு அது பரீட்சை. "மத்தூர் அத்தை வந்திருக்கேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். கிளம்பும்போதும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருக்கும்.

கைக்குழந்தை விஷயத்தில் வேறொரு தப்புக்கணக்கு. அம்மா குரல் கேட்டதும் மற்ற குழந்தைகள் திரும்பிச் சிரிக்கும், காலை உதைக்கும். பார்வையில்லாத குழந்தை பல நேரம் அசையாமல் அடங்கிவிடும். "இதுக்குக் காதும் கேக்கல போல" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கூர்ந்து கேட்பதால்தான் அந்த அமைதி. முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பாருங்கள், அம்மா பேசப் பேச விரிந்து மடங்கும். சந்தேகம் இருந்தால் செவித்திறன் சோதனை செய்துகொள்ளலாம்; வாசலில் நின்று தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

"சமத்துப் புள்ள, போட்ட எடத்துல கெடக்கும்" என்று பாராட்டினால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பார்வையுள்ள குழந்தை ஐந்தாறு மாதத்தில் பொம்மையை எட்டிப் பிடிக்கும். சத்தத்தை மட்டும் வைத்து எட்டுவதற்கு இதற்குப் பத்து மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை தூளியும் மடியுமாகவே இருந்தால் கழுத்தும் தோளும் எப்படி உரம்பெறும்? பாயில் குப்புறப் போடுங்கள்; அழுதால் அம்மா நெஞ்சின் மேல் போடலாம். ஆயாவின் கொலுசைத் தேடித் தலை தூக்கும். டிவியை மட்டும் நிறுத்திவிடுங்கள், கொலுசு கேட்க வேண்டுமே.

நான் அதிகம் சண்டை போடுவது, கையைப் பிடித்து இழுத்து "இதத் தொடு" என்பவர்களோடுதான். உங்கள் இமையை விரலால் விரித்து "பாரு" என்றால் எப்படி இருக்கும்? உங்கள் கையை அதன் கைக்கு அடியில் கொடுங்கள். அது உங்கள் விரல்மேல் ஊர்ந்து பொருளுக்கு வரும், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளும். ('பாரு' என்ற சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டாம், தாராளமாகச் சொல்லலாம். 'அங்க இருக்கு'தான் எதற்கும் உதவாது.)

காவேரிப்பட்டணம் பக்கம் நான்கு வயதுப் பையன், மாந்தோப்பு வீடு. அம்மா நறுக்கி நறுக்கியே ஊட்டியதால் மாம்பழம் என்றால் அவனுக்கு வாயில் வழுக்குகிற துண்டு, அவ்வளவுதான். தாழ்ந்த கிளையில் தொங்கிய கிளிமூக்குக் காயைக் காம்பிலிருந்து தடவிக்கொண்டே வந்தான். நுனியில் வளைந்த மூக்கில் விரல் நின்றது. "இது என்னாது, கூரா இருக்குது?" அன்று வீட்டில் ஒரு பழத்தை முழுசாகக் கையில் கொடுத்து அறுத்தோம். கொட்டையைச் சாயங்காலம் வரை கீழே வைக்கவில்லை.

"ஒரு வயசானா பார்வை வந்துரும்" என்று தேற்றாதீர்கள். கண்பாப்பாவில் வெள்ளை தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பிறவிக் கண்புரை என்றால் ஒவ்வொரு வாரமும் கணக்கு. கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி என்றால் உயிருக்கே ஆபத்து. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். கிரகணத்தைச் சொல்லி அம்மாவைக் குத்துகிறவர்களுக்கு நான் பதில்கூடச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரி, சான்றிதழ், மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் என்று பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தர்மபுரி போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. "ஏதாச்சும் ஒதவி வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "வியாழக்கெழம பெரியவள நான் பள்ளிக்கூடத்துல விட்டுக் கூட்டியாந்துடறேன், மாட்டுக்கும் தண்ணி காட்டிடறேன், நீ போய்ட்டு வா" என்று சொல்லுங்கள்.