ஆண்மை பற்றிய ஊகங்களைச் சொந்த வீட்டில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

ஆண்மை என்றால் என்ன என்று பொதுவாக விவாதிப்பதால் எந்த வீட்டிலும் எதுவும் மாறிவிடப் போவதில்லை. ஓர் ஊகத்தை எடுத்துக்கொண்டு, அது யாருடைய நேரத்தையும் யாருடைய உடம்பையும் செலவழிக்கிறது என்று கேட்பதே உருப்படியான தொடக்கம்.

முதலில் நேரத்தைப் பாருங்கள். 2019இல் நாடு முழுவதும் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். ஒரு வாரம் உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள். தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்வது, குழந்தையின் தடுப்பூசித் தேதியை நினைவில் வைத்திருப்பது போன்ற கண்ணுக்குத் தெரியாத வேலைகளையும் அதில் சேருங்கள். பிறகு ஏதேனும் ஒரு வேலையை, யாரும் நினைவூட்டத் தேவையில்லாதபடி, முழுமையாக உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஆண் கலங்கக் கூடாது என்ற ஊகம். 2022இல் இந்தியாவில் பதிவான 1,70,924 தற்கொலைகளில் 1,22,724 பேர் ஆண்கள். நண்பர் ஒருவர் ஒதுங்கத் தொடங்கினால், அறிவுரை சொல்வதை விட்டு, "மச்சான், ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேளுங்கள். அவருக்கோ உங்களுக்கோ துணை தேவைப்பட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பும் இருக்கிறது.

பலர் பேசவே கூசுவது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைப் பற்றித்தான். 2019-21இன் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டிருப்பதோ வெறும் 0.1 சதவீதத்தினருக்கு. இத்தனைக்கும் ஆணுக்குச் செய்யப்படும் சிகிச்சைதான் எளியது: வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, விதைப்பையில் சிறு துளையிட்டு விந்துக் குழாய்களைத் துண்டித்துக் கட்டிவிடுகிறார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

"வெயிட் தூக்குற ஆம்பளைக்கு எதுக்குப்பா ஆபரேஷன்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். கனமான வேலைகளை ஏறத்தாழ ஒரு வாரம் தவிர்த்தால் பொதுவாகப் போதும் என்றும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இரத்தத்தின் வழியாகவே உடலெங்கும் செல்வதால் ஆசையோ வலுவோ குறைவதில்லை என்றும் பொறுமையாகச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு முன்பே இந்தப் பேச்சு நடந்துவிட வேண்டும். இல்லையென்றால், சிசேரியனோடு சேர்த்தே மனைவிக்குச் செய்துவிடலாம் என்ற முடிவு, அவர் களைத்துக் கிடக்கும் நேரத்தில் மற்றவர்களால் எடுக்கப்பட்டுவிடும்.

ஆணுக்கான இந்தச் சிகிச்சையை நிரந்தர முறையாகவே கருத வேண்டும். மீண்டும் இணைத்தாலும் பலன் நிச்சயமில்லை. ஆகவே இருவருக்கும் இனிக் குழந்தை வேண்டாம் என்பது உறுதியான பிறகு, அரசு மருத்துவமனையின் குடும்பநலப் பிரிவுக்குச் சேர்ந்தே செல்லுங்கள். சிகிச்சை முடிந்த உடனே பாதுகாப்பு கிடைத்துவிடாது. மூன்று மாதங்கள் ஆணுறை போன்ற வேறொரு முறையைப் பயன்படுத்தி, பின்னர் விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகே அதை நிறுத்த வேண்டும்.