ஃபிரெட் கோடுகளை நட்டிலிருந்தே அளவிடுங்கள்

முதல் முறையாகக் கையால் அக்கூஸ்டிக் கிட்டார் செய்பவர்கள் மரத்தையும் பாலிஷையும் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள். ஆனால் சுருதி சேருமா சேராதா என்பது பெரும்பாலும் ஃபிரெட் (கழுத்தில் ஒட்டும் பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை) இடைவெளியில் இருக்கிறது.

கணக்கு எளிது. நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) சேடில் (கிட்டாரின் உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) வரையான நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட்டின் தூரம் வரும். மீதி நீளத்தை அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃபிரெட் வரையான இடைவெளி; அதை முந்தைய தூரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். 650 மி.மீ. நீளத்துக்கு முதல் ஃபிரெட் 36.48, இரண்டாவது 70.92, 12-வது சரியாகப் பாதியில், 325-இல் விழ வேண்டும். விழவில்லையென்றால் கணக்கில் எங்கோ பிசகு.

குறிக்கும்போது ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததுக்கு அளந்துகொண்டே போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் 0.2 மி.மீ. கூடினாலே 12-வதில் 2.4 மி.மீ. ஆகிவிடும். ஸ்டீல் ஸ்கேலை நட் விளிம்பில் வைத்து, அசையாமல் இறுக்கி, எல்லா இடங்களையும் அங்கிருந்தே குறியுங்கள். பென்சில் வேண்டாம்; அதன் கோடே அரை மி.மீ. தடிமன் வந்துவிடும். கூரான கத்தியால் கீறினால் ரம்பப் பல்லும் அந்தக் கீறலிலேயே உட்காரும். பலகையின் ஓரங்களைச் சாய்வாகச் சீவும் முன்பே, அவை இணையாக இருக்கும்போதே ஃபிரெட் பதியும் காடிகளை அறுத்துவிடுங்கள். மூலைமட்டம் வைக்க வசதி.

அப்புறம், சேடிலைக் கணக்குப்படி 650-லேயே ஒட்டிவிடாதீர்கள். கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறும். அதை ஈடுகட்டச் சேடிலை ஓரிரு மி.மீ. பின்னால் தள்ள வேண்டும், எஃகுக் கம்பியென்றால் தடித்த கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம்.