குளிர்காலத்தில் எகெர்: குழந்தைகளோடு ஒரு வார இறுதியைத் திட்டமிடுவது எப்படி?

ஹங்கேரி போகிறவர்களில் பெரும்பாலானோர் புடாபெஸ்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். குழந்தைகளோடு, அதுவும் குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் நான் எகெர் நகரத்தைத்தான் சொல்வேன். புடாபெஸ்டுக்கு வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர், பூக் மலைகளின் அடிவாரம். கோட்டை, பரோக் என்ற பழைய அலங்காரப் பாணியில் கட்டிய வீடுகள் உள்ள தெருக்கள், ஒட்டோமான் துருக்கியர் ஆட்சி விட்டுப்போன மினாரா (மசூதிக் கோபுரம்), வெந்நீர்க் குளங்கள் எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டும் சமாளிக்கலாம்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பகல் என்று கிடைப்பது மொத்தமே எட்டரை மணி நேரம். அதனால் பணத்தைவிட வெளிச்சத்தைத்தான் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். வெளிச்சம் தேவைப்படும் இடங்களைப் பகலிலும், இருட்டினாலும் பரவாயில்லை என்கிற இடங்களை மாலையிலும் வைத்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது.

படி 1: எந்த வார இறுதி?

நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஊர்ச் சதுக்கங்களில் விளக்கு, கடைகள், கூட்டம் என்று களைகட்டும். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும், எனவே டிசம்பர் முதல் பாதியைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் ஊர் அமைதி, அறை வாடகையும் குறைவு, ஆனால் சில இடங்கள் மூடியிருக்கும். டிசம்பர் 24 மதியத்திலிருந்து 26 வரை மட்டும் வேண்டவே வேண்டாம். கடைகளும் அருங்காட்சியகங்களும் மூடிவிடும், பேருந்து, ரயிலும் குறைந்துவிடும்.

ஹங்கேரி, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்தில் வசிப்பிட அனுமதியோடு இருப்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும்.

படி 2: போய்ச் சேர்வது, தங்குவது

புடாபெஸ்டின் கெலெட்டி நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நேரடி ரயில்கள் உண்டு, சிலவற்றில் ஃபூசெஷபோனி என்ற ஊரில் மாற வேண்டும். பெட்டியும் தூங்கும் குழந்தையுமாக நடைமேடை மாறுவது பெரிய பாடு, அதனால் நேரடி ரயிலாகப் பார்த்து எடுங்கள். பேருந்துக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். வெள்ளிக்கிழமை மாலையே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. எப்படியும் இருட்டிவிட்ட பொழுது, அதைப் பயணத்தில் கழித்துவிடலாம்.

அறையை ஊர் நடுவே உள்ள டோபோ சதுக்கத்தைச் சுற்றி எடுங்கள். கொஞ்சம் வாடகை கூடும்தான். ஆனால் நடுப்பகலில் அறைக்கு வந்து ஈர சாக்ஸை மாற்றி, பிள்ளையை அரை மணி நேரம் படுக்க வைக்க முடிவது குளிர்காலத்தில் பெரிய சௌகரியம். பழைய தெருக்கள் பல இடங்களில் கல் பாவியவை. தள்ளுவண்டியைவிட, கைக்குழந்தையைத் தோளில் கட்டிக்கொள்ளும் பை மேல்.

படி 3: சனிக்கிழமை காலை, வானத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்குங்கள். வெயில் அடிக்கிறதா? அப்படியானால் முதலில் லைசியம். பிஷப் எஸ்டர்ஹாசி காரோய் பல்கலைக்கழகமாக்க நினைத்து 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய கட்டடம் இது. அதன் வானியல் கோபுரத்தின் உச்சியில் அந்தக் காலத்திலேயே அமைத்த ஓர் இருட்டறை இன்னும் வேலை செய்கிறது. கூரையில் உள்ள கண்ணாடியும் லென்ஸும் வெளியே தெரியும் ஊரை அறைக்குள் இருக்கும் வெள்ளை மேசையில் படமாக விழவைக்கும். தெருவில் நடப்பவர்கள், கார்கள், புகைபோக்கியிலிருந்து எழும் புகை, எல்லாம் மேசையில் அசையும். கைபேசியிலேயே வளர்ந்த பிள்ளைகள்கூட வாயைப் பிளந்து பார்ப்பார்கள். மின்சாரமே இல்லாமல் இது எப்படி என்று கேட்டால், ஒளி நேர்கோட்டில் போகிறது என்ற பாடத்தை அங்கேயே சொல்லிவிடலாம். மேகமூட்டமாக இருந்தால் படம் மங்கல்தான், அதனால்தான் முதலில் வானத்தைப் பார்க்கச் சொன்னேன். படிகள் நிறைய, கைக்குழந்தை இருந்தால் பெரியவர்கள் மாறி மாறி ஏறுங்கள். குளிர்காலத்தில் திறக்கும் நேரம் சுருங்கும், இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேகமாக இருந்தால் நேராகக் கோட்டை. வெயில் அடித்தாலும் லைசியம் முடிந்து கோட்டைக்கு வந்துவிட வேண்டியதுதான், இந்த ஊரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. போவதற்கு முன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்களுக்கு அது வெறும் கற்சுவர். 1552-இல் பெரிய ஒட்டோமான் படை ஒன்று இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே பெண்களையும் சேர்த்துச் சுமார் 2,000 பேர், தலைவர் டோபோ இஷ்ட்வான். ஐந்து வாரத்துக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தார்கள், அக்டோபரில் படை திரும்பிப் போனது. எதிரிகள் அடியில் சுரங்கம் தோண்டுகிறார்களா என்று அறிய, முரசின் மேல் பட்டாணியைப் போட்டு அது துள்ளுகிறதா என்று பார்த்தார்களாம். வெடிமருந்து திணித்த சக்கரத்தை எதிரிகள் மேல் உருட்டிவிட்டவர் போர்னெமிஸ்ஸா கெர்கெய் என்ற வீரர். பட்டாணிக் கதை ஒன்று போதும், பிள்ளைகள் தரையில் காதை வைத்துக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

கதையை அங்கேயே நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். 1596-இல் இதே கோட்டை ஒட்டோமான்கள் கையில் விழுந்தது, 1687 வரை அவர்கள் ஆட்சிதான். கீழே நிற்கும் 40 மீட்டர் மினாரா அந்தக் காலத்தது. அதன் மசூதி இப்போது இல்லை, ஒற்றைக் கோபுரம் மட்டும் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. உள்ளே 97 படிகள், மிகவும் குறுகல். குளிர்காலத்தில் பெரும்பாலும் பூட்டியிருக்கும், ஏற முடியும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

கோட்டைக்குள் நிலத்தடிப் பீரங்கி அறைகளை விட்டுவிட வேண்டாம். வழிகாட்டியோடுதான் போக முடியும், காற்று அடிக்காது, வெளியே பனி கொட்டினாலும் கவலையில்லை. மதில்மேல் நின்று ஊரைப் பார்ப்பதை மட்டும் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

படி 4: இருட்டிய பிறகு வெந்நீர்

மாலைப் பொழுதை எப்படி ஓட்டுவது என்ற கவலை எகெரில் இல்லை. நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீரில் திறந்தவெளிக் குளங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே 17-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான்கள் கட்டிய குளியல் கூடமும் உண்டு. வெளியே உறைகுளிர், கழுத்துவரை வெந்நீர், சுற்றிலும் ஆவி. என்னைக் கேட்டால் இதற்காகவே கோடையைவிடக் குளிர்காலத்தில் போகலாம்.

சில குளங்களில் சிறுவர்களுக்கு வயது வரம்பு உண்டு, பழைய கூடத்துக்குப் போவதற்கு முன் கட்டாயம் விசாரியுங்கள். சூடு அதிகமுள்ள குளத்தில் பிள்ளைகளை நெடுநேரம் விடாமல், வெதுவெதுப்பான குளத்தில் விளையாட விடுங்கள். செருப்பு, துண்டு, குளியல் அங்கி கொண்டுபோங்கள். குளத்துக்கும் உடை மாற்றும் அறைக்கும் நடுவே நடக்கும் அந்த இருபது அடிதான் அழ வைக்கும். தலையை நன்றாக உலர்த்தி, கம்பளித் தொப்பி போட்ட பிறகுதான் வெளியே வர வேண்டும்.

படி 5: சாப்பாடு

சைவக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். குயாஷ் என்பது மாட்டிறைச்சி சூப். பார்த்தால் சைவம் போலத் தெரியும் பீன்ஸ் சூப்பில் புகையில் பதப்படுத்திய பன்றி இறைச்சி இருக்கும், பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸில்கூடப் பன்றிக் கொழுப்பு வறுவல் தூவுவார்கள். கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பாலாடைக்கட்டி, காளான் வறுவல், எண்ணெயில் பொரித்து மேலே புளித்த கிரீமும் துருவிய சீஸும் போடும் லாங்கோஷ் ஆகியவை பெரும்பாலான இடங்களில் கிடைக்கும். குழந்தைகளுக்குப் பலாச்சிந்தா என்ற ஜாம் தடவிய மெல்லிய சுருள். தேய்பெக்ரீஸ் என்று ஒன்று உண்டு, ரவையைப் பாலில் வேகவைத்து மேலே கோகோவும் சர்க்கரையும் தூவியது. நம் வீட்டு ரவைப் பாயசம் இறுகிப்போனால் எப்படி இருக்குமோ அப்படித்தான், ஒரு வயதுப் பிள்ளையும் தயங்காமல் சாப்பிடும்.

பெரியவர்களுக்கு 'எகெர் காளை ரத்தம்' என்ற சிவப்பு ஒயின். முற்றுகையின்போது வீரர்கள் இதைக் குடிக்க, தாடியில் வழிந்த சிவப்பைப் பார்த்துக் காளை ரத்தம் என்று எதிரிகள் மிரண்டார்கள் என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சிவப்புத் திராட்சை அந்தப் பக்கம் பரவியதே பின்னால்தான்.

படி 6: ஞாயிறு

இந்த நாளை நிரப்பாதீர்கள். 1830-களில் கட்டடக் கலைஞர் ஹில்ட் யோசெஃப் கட்டிய பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்தைப் பார்க்கலாம், ஞாயிறு காலை பூசை நடக்கும் என்பதால் சுற்றிப் பார்ப்பவர்கள் நேரம் பார்த்துப் போக வேண்டும். அதன் அருகிலேயே பேராயர்களின் பழைய ஒயின் கிடங்குகள் ஊருக்கடியில் நீண்டு கிடக்கின்றன. வழிகாட்டியோடு உள்ளே போகலாம், மழைக்கும் பனிக்கும் ஏற்ற இடம். கார் இருந்தால் சில கிலோமீட்டர் தள்ளி எகெர்சலோக்கில், வெந்நீர் படியவைத்த உப்பு போன்ற வெள்ளைத் திட்டைப் பார்த்து வரலாம். பேருந்தும் உண்டு, ஆனால் ஞாயிறன்று வண்டிகள் குறைவு. திரும்பி வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

செலவுக்கு ஹங்கேரி நாணயமான ஃபோரிண்ட் கொஞ்சம் கையில் வையுங்கள். அட்டை தேய்க்கும்போது யூரோவா ஃபோரிண்டா என்று இயந்திரம் கேட்டால் ஃபோரிண்ட் என்று அழுத்துங்கள், மாற்று விகிதத்தில் ஏமாற வேண்டாம். கைப்பையோடு மட்டும் விமானம் ஏறுகிறவர்கள், பாதுகாப்புச் சோதனையில் ஒயின் பாட்டிலை விடுவார்களா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எகெரிலேயே திறந்து முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.